தலையணை உறைக்குள் ஆரஞ்சுத் தோல்

எங்கள் குழந்தைகள் வார்டில் மூத்த நர்ஸ் அக்காவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. எவ்வளவு பொருத்தம் என்பது நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு குழந்தைக்கு மருந்தை அளந்து ஊசிக்குழலில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா வழியில் மறித்து, அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இது எத்தனை?"

"ரெண்டரை மில்லி, அக்கா."

"பாட்டில் எங்க?"

"அலமாரியில வச்சுட்டேன்."

"கொண்டா. நீ சொல்றதை நான் நம்பணும்னா பாட்டிலும் அதையே சொல்லணும்."

பாட்டிலும் அதையேதான் சொன்னது. ஆனாலும் என் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைகள் வார்டுதான். ஒல்லியான உடம்பு, குட்டைக் கூந்தல், நடந்தால் சத்தமே வராத ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைக்கூட யாரையோ கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வாங்கினார் என்று கேலி செய்வோம். கணவர் பஸ் டிரைவர். ஒருநாள் அக்காவை அழைத்துப்போக வந்தவர் எங்களிடம் சொன்னார்: "கல்யாணத்தன்னைக்கு என் பேரையே ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் மாலையைப் போட்டா. இன்னமும் முழுசா நம்பினாளான்னு தெரியலை."

அக்கா பிறவியிலேயே அப்படி இல்லையாம். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் வலிப்பு மருந்து ஒன்று புது பாட்டிலில் வந்தது. அதே நிறம், அதே மூடி, அதே லேபிள். உள்ளே மட்டும் மருந்து இரண்டு மடங்கு வீரியம். அக்கா பழைய கணக்குக்கே கொடுத்துவிட்டார். மூன்று வயதுக் குழந்தை ஒன்றரை நாள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு எழுந்து பால் கேட்டது, நன்றாகத்தான் வீட்டுக்குப் போனது. அந்த ஒன்றரை நாளில் அக்காவுக்குள் எதுவோ திரும்பிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் லேபிளை நம்பவில்லை, டாக்டர் எழுதியதை நம்பவில்லை, அப்பா அம்மா சொல்வதையும் நம்பவில்லை. அப்படி நம்பாததால் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஒவ்வாத மருந்து என்று அட்டையில் எழுத மறந்துபோனதைக் கண்டுபிடித்திருக்கிறார். மாடிப்படியில் விழுந்தான் என்று கொண்டுவரப்பட்ட பையனின் முதுகில் பெல்ட் தழும்பைப் பார்த்ததும் அவர்தான். அதனால் கேலி செய்தாலும் அக்காவின் சந்தேகத்துக்கு வார்டில் ஒரு மரியாதை இருந்தது.

ஏழாம் கட்டிலுக்கு அந்தப் பெண் வந்தது அப்படியான நேரத்தில்தான்.

பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, மூச்சு வாங்க, நினைவு தப்பிய நிலையில் வந்தவள். ரத்தத்தில் சர்க்கரை அறுநூறு. தீவிர சிகிச்சையில் மூன்று நாள் இருந்துவிட்டு எங்கள் வார்டுக்கு வந்தாள். இனி ஆயுசு முழுக்க இன்சுலின் என்று டாக்டர் சொன்னபோது, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பேச்சு மிகக் குறைவு. கேட்டால் பதில், அதுவும் ஒரு வார்த்தை.

"ஊமைக்கோட்டான். இந்த மாதிரிப் பிள்ளைங்க மேலதான் ஒரு கண்ணு வச்சிருக்கணும்" என்றார் அக்கா.

துணைக்கு இருந்தது அவளுடைய சித்தி. அம்மா இறந்தபின் அப்பா கட்டிக்கொண்ட இரண்டாம் மனைவி. தையல் வேலை செய்பவள். பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாடு வாங்கப் போகும் அரைமணி தவிர, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு ஓரம் அடித்துக்கொண்டே இருப்பாள். அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போவார்.

எட்டாம் கட்டிலில் இருந்தவளைப் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஐந்து வயதுச் சிறுமி. ஊஞ்சலிலிருந்து விழுந்து இரண்டு கையும் ஒடிந்து, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். அவள் அம்மா காலையில் வந்து குளிப்பாட்டி, ஊட்டி, பழங்களை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். பகலில் பட்டாணிக்கு நாங்கள்தான் எல்லாம். எங்களுக்கோ முப்பது கட்டில்.

முதல்நாள் பகல் பன்னிரண்டரைக்கு நான்தான் ஏழாம் கட்டிலுக்குச் சர்க்கரை பார்த்தேன். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் ஸ்ட்ரிப்பில் தொட்டேன். முந்நூற்றுப் பதினெட்டு. காலையில் நூற்றிருபதுதான் இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். சாப்பாட்டுக்கான இன்சுலினோடு இன்னும் நாலு யூனிட் சேர்த்துப் போடச் சொன்னார். போட்டோம். இரண்டு மணிக்கு அவள் வியர்த்து நனைந்து, கை நடுங்கி, "கண்ணு மங்குது" என்றாள். பார்த்தால் ஐம்பத்திரண்டு. அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தோம்.

மறுநாளும் அதே கதை. பகலில் முந்நூற்று நாற்பது. மருந்து. இரண்டு மணிக்கு நாற்பத்தேழு. இந்தத் தடவை அவள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்துபோயிருந்தாள் என்பது அந்தப் பிடியில்தான் எனக்குத் தெரிந்தது.

"மறைச்சு ஏதாவது சாப்பிடறாளா பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடம் போய் அப்படிச் சொல்லலாமா? அன்று மாலை படுக்கை விரிப்பு மாற்றுகிற சாக்கில் ஏழாம் கட்டிலை அலசி எடுத்துவிட்டார். மெத்தைக்கு அடியில் ஒன்றுமில்லை. அலமாரியில் பல்பொடி, சீப்பு, பாடப்புத்தகம். தலையணையைத் தூக்கி உதறினார். உறைக்குள்ளிருந்து ஆரஞ்சுத் தோல் விழுந்தது. ஒன்றல்ல, நாலைந்து பழத்தின் தோல், காய்ந்ததும் காயாததுமாக.

அந்த நேரம் பார்த்து அப்பாவும் வந்து நின்றார்.

"இது என்ன?" அக்கா தோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். சாப்பிட்டியா?"

"நான் சாப்பிடலை."

"அப்ப தோல் மட்டும் தானா நடந்து வந்து உள்ள புகுந்துக்கிச்சா?"

"நான் சாப்பிடலை" என்று மறுபடியும் சொன்னாள்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு நாளா சாகக் கிடந்தியே, அது போதலையா உனக்கு? நாக்கை அடக்க முடியாதா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பட்டாணி பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். சித்தி தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்துவிட்டு, "விடுங்க, குழந்தைங்க இருக்கிற இடம்" என்று அவரை வெளியே அழைத்துப்போனாள். நெருப்பில்லாமல் புகையுமா என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். எனக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அக்கா வீட்டுக்குப் போயும் திருப்திப்படவில்லையாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டிருக்கிறார். பிறகு அவரே எனக்குச் சொன்னது இது: "ஆரஞ்சைத் தின்னு சர்க்கரை ஏறியிருந்தா, நாலு யூனிட் அதை இறக்கி நூத்துச் சொச்சத்துல விடணும். நாப்பத்தேழுக்கு ஏன் போகுது? தின்னவளுக்கு இவ்வளவு இறங்காதே."

அப்படியானால் வேறு யாரோ கூடுதலாக இன்சுலின் போடுகிறார்கள். அக்காவின் பூதக்கண்ணாடி சித்தி பக்கம் திரும்பியது.

அதற்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சித்தி என்ற சொல்லே பாதிக் காரணம். மீதிப் பாதி, அவள் கையில் எப்போதும் இருந்த ஊசி. தைக்கிற ஊசிதான், ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டுக்குப் போனபின் போட்டுப் பழகுவதற்காக இன்சுலின் பேனா என்கிற பேனா வடிவ ஊசி ஒன்றைக் குடும்பத்திடம் கொடுத்திருந்தோம். அது சித்தியின் பையில் இருந்தது. மறுநாள் காலை அக்கா அதை வாங்கி, மிச்சம் எத்தனை யூனிட் என்று வெளிச்சத்தில் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருக்கும் மருந்துக் குப்பியை மாற்றியிருக்கலாமே என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

"நேத்து ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று சித்தியைக் கேட்டார்.

"இங்கதான். பாப்பா சாப்பிட்டுட்டிருந்தா."

"பைக்குள்ள கையை விட்டுட்டிருந்தீங்கன்னு சொன்னாங்களே."

"நூல்கண்டு எடுத்திருப்பேன்." சித்தி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

சும்மாவா? அக்கா நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, ஒருநாள் துணையாளைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்றார். அன்று பத்து மணிக்கு, "நீங்க இன்னைக்கு வெளியில வராந்தாவுல உக்காருங்க. டெஸ்ட் ஒண்ணு இருக்கு" என்று சித்தியிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. தையல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பதினோரு மணிக்கு அவளுக்குக் கால் மரத்துப்போகும், கொஞ்சம் நீவி விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மருந்து அறைக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. பதினொன்றரையிலிருந்து அக்கா அதன் ஓரமாக நின்றுகொண்டார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. அவர் பார்த்தது இது.

பன்னிரண்டு மணிக்குப் பட்டாணி ஏழாம் கட்டிலைப் பார்த்து, "அக்கா, பழம்" என்றாள். ஏழாம் கட்டில் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினாள். எட்டாம் கட்டில் மேஜையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தாள். சுளை சுளையாகப் பிரித்து, நார் எடுத்து, நகத்தால் கீறிக் கொட்டையைப் பிதுக்கித் தள்ளி, ஒவ்வொன்றாகப் பட்டாணி வாயில் வைத்தாள். சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. ஒரு சுளைகூட அவள் வாய்க்குப் போகவில்லை. ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், அவ்வளவுதான். முடிந்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தோலைத் தலையணை உறைக்குள் திணித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு நான் தட்டோடு போனேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், குத்தினேன். முந்நூற்று முப்பத்தொன்று. இன்சுலின் எடுக்கத் திரும்பினால் பின்னால் அக்கா நிற்கிறார்.

"நில்லு. ஊசி போடாதே."

"அக்கா, முந்நூறுக்கு மேல இருக்கு."

"போடாதேன்னு சொன்னேன்ல. அந்தத் தட்டை எடுத்துட்டு உள்ள வா."

மருந்து அறையில் மேஜைமேல் ஒரு ஆரஞ்சு இருந்தது. பட்டாணியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதை உரித்து, சுளை பிரித்து, கொட்டை எடுத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலை என்னிடம் நீட்டினார்.

"எனக்குப் பாரு. அவளுக்கு எப்படிப் பார்த்தியோ அப்படியே."

ஸ்பிரிட் பஞ்சு, குத்தல், ஒரு சொட்டு. கருவி எண்ணியது. இருநூற்று எண்பத்து நாலு.

சர்க்கரை நோய் அக்காவுக்குக் கிடையாது. அவர் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து வேறு விரலை நீட்டினார். தொண்ணூற்றாறு. "இன்னொரு தடவை" என்றார். தொண்ணூற்றெட்டு.

பழச்சாறு தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிட் அதை முழுசாக எடுப்பதில்லை. அதன்மேல் வரும் ரத்தச் சொட்டு அந்தச் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டுதான் ஸ்ட்ரிப்புக்குப் போகிறது. கை கழுவவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று படிக்கும்போதே சொல்லித்தருவார்கள். ஆனால் குழாய் வார்டின் அந்தக் கோடியில் இருக்கிறது, குழந்தைகள் சோர்ந்து கிடக்கிறார்கள், பஞ்சு கையோடு இருக்கிறது. எத்தனையோ வருஷமாக நாங்கள் எல்லோரும் பஞ்சோடு நிறுத்திக்கொண்டோம். அக்காவும்தான்.

ஏழாம் கட்டில் பெண்ணை அக்காவே கைத்தாங்கலாகக் குழாயடிக்கு அழைத்துப்போனார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தார். நூற்றிருபத்தெட்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டமாக அனுப்பினோம். அங்கிருந்து நூற்றிருபத்து நாலு என்று வந்தது.

அதாவது, இரண்டு நாளாக அந்தப் பெண்ணுக்கு இல்லாத சர்க்கரைக்கு மருந்து போட்டு மயக்கத்தின் வாசல்வரை தள்ளியது நாங்கள்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்று எங்களை விரட்டுகிறவர் அவர்.

"நீ சாப்பிடலை" என்றார்.

"நான்தான் சொன்னேனே."

"ஆமா. ரெண்டு தடவை சொன்னே. நான்தான் கேக்கலை. பட்டாணிக்கு உரிச்சுக் குடுத்தேன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா பழத்தைத் தொடாதேன்னு சொல்லுவீங்க. அப்புறம் அவளுக்கு யார் குடுப்பா? நேத்து அவ தண்ணிக்கு எவ்வளவு நேரம் கூப்பிட்டுட்டே இருந்தா தெரியுமா?"

அக்கா எழுந்து பட்டாணிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

வராந்தாவில் சித்தி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். இன்சுலின் பேனாவை ஏன் வாங்கிப் பார்த்தேன், ஏன் வெளியே உட்காரவைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்" என்றாள். "நீங்க மணி கேட்டப்பவே தெரியும். அஞ்சு வருஷமா எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க. அவளுக்குச் சளி பிடிச்சாலும் என்னைத்தான் பார்ப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்கெல்லாம் கேட்டா நான் பொறுத்துக்குவேன். இங்க நீங்க கேட்டது எனக்குப் பொறுக்கலை. உயிரைக் காப்பாத்தின இடம்னு நினைச்சிருந்தேன்."

"தப்புதான்" என்றார் அக்கா.

"தப்புதான்" என்று சித்தியும் சொன்னாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பாவுக்காக அக்கா டூட்டி முடிந்தும் காத்திருந்தார். வார்டு கேட்கத்தான் அப்பா மகளைத் திட்டினார், வார்டு கேட்கவே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். "உங்க பொண்ணு பழம் சாப்பிடலை, அளவு பார்த்ததுல எங்க கைதான் தப்பு" என்று சத்தமாகச் சொன்னார். அப்பா மகளைப் பார்க்க முடியாமல் பட்டாணியின் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

அக்கா சம்பவ அறிக்கையைத் தானே எழுதினார். ஹெட் நர்ஸ், "எல்லாரும் செய்யறதுதானே, உன் பேரை எதுக்குத் தனியாப் போடறே?" என்று கேட்டார். "சந்தேகப்படறதுல முதல் ஆள்னு பேர் வாங்கினவ நான்தான். வார்டு முழுக்கச் சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் விட்டுட்டேன்" என்றார் அக்கா. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கும் பதில் எழுதினார். கட்டிலுக்குக் கட்டில் எடுத்துப்போக ஒரு சின்ன வாளி, சோப்பு, துவாலை என்று ஏற்பாடானது. பட்டாணிக்குப் பகலில் ஊட்டுவது யார் என்று டூட்டிப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது.

ஏழாம் கட்டில் பெண் ஆறு நாள் கழித்து வீட்டுக்குப் போனாள். அதுவரை ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டுமுன் இரண்டு கையையும் எங்கள் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அது நையாண்டியா, எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் மட்டும் தேவைக்குமேல் பேசவில்லை.

இதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மாறவில்லை. மறுவாரமே என்னை நிறுத்தி, கையிலிருந்த குளுக்கோஸ் பையில் தேதி பார்த்தார். ஆனால் ஒருவரைச் சந்தேகப்பட்டால் இப்போது அவரிடமே போய்க் கேட்டுவிடுவார், ஒளிந்து நின்று பார்ப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தினமும் நாலு வேளை அளவு எழுதும் நோட்டை நீட்டினாள். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு, நூற்றிரண்டு. கடைசிப் பதினோரு நாளும் அப்படியே, அழகாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில். அக்காவின் புருவம் உயர்வதை நான் பார்த்தேன். சித்தி வாசலில் சீட்டு வாங்க நின்றிருந்தாள்.

"கருவியில எல்லாம் பதிஞ்சிருக்கும். அதை நான் பார்க்கப்போறதில்லை" என்றார் அக்கா தணிந்த குரலில். "நீயே சொல்லு. நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம். இந்தப் பதினோரு நாளும் நீ பார்த்தியா?"

பெண் நோட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"பார்க்கலை. பஸ்ல வரும்போது எழுதினேன்."

"ஏன்?"

"கிளாஸ்ல ஒருத்தி ரத்தத்தைப் பார்த்துட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. ஊசிக்காரின்னு கூப்பிடறாங்க. பாத்ரூம்ல போய்ப் பார்க்க எனக்குப் பிடிக்கலை."

"ஊசி?"

"அது ஒரு நாள்கூட விடலை. சத்தியமா."

அக்கா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பழைய பார்வைதான், ஏற இறங்க. பிறகு தன் கைப்பையிலிருந்து எழுதுகிற பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"சரி. அடிச்சுட்டு, பார்க்கலைன்னு எழுது. டாக்டர் இந்த நம்பரை நம்பித்தான் மருந்தை ஏத்துவாரு, இறக்குவாரு."

அவள் பதினோரு வரியையும் அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்து, "சித்திகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு. பள்ளிக்கூடத்துல வந்து பேச அவங்கதான் சரியான ஆள். வராந்தாவுல அவங்க என்கிட்ட பேசினதை நான் மறக்கலை."

சித்தி சீட்டோடு உள்ளே வந்தாள். அடித்துக்கொண்டிருக்கும் நோட்டைப் பார்த்ததும் அவள் நெற்றி சுருங்கியது. "என்ன பாப்பா இது?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா மெல்ல எழுந்து, இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, அடுத்த குழந்தையின் சீட்டைக் கையில் எடுத்துப் பெயரைக் கூப்பிட்டார்.